தோஹாவில் வென்றவர் கார்லோவில் தோற்றது எப்படி? 2024–25 பில்லியர்ட்ஸ் பருவம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: சேதுக்கரையான் (ராமநாதபுரம்)

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரத்தில் மாலை வேளைகளில், துணி விரித்த மேசையில் கோலால் பந்துகளைத் தள்ளி ஆடும் ஸ்நூக்கரை ஆடும் ஒரு சிறிய கூட்டத்தில் நானும் ஒருவன். எங்களுக்குள் கிரிக்கெட்டைப் பற்றிக்கூட அவ்வளவு வாக்குவாதம் எழுவதில்லை. 2024–25 பில்லியர்ட்ஸ் பருவத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்துவிட்டால் மட்டும் கியூ கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். பலரும் அறிந்த செய்திதான் என்றாலும், கேள்வி தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2024 நவம்பரில் கத்தாரின் தோஹாவில் நடந்த உலக பில்லியர்ட்ஸ் போட்டியின் இறுதியாட்டத்தில், பெங்களூருவின் பங்கஜ் அத்வானி இங்கிலாந்தின் ராபர்ட் ஹாலை 4-2 என்ற கணக்கில் வென்றார். பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் இரண்டையும் சேர்த்து அது அவருக்கு 28-ஆவது உலகப் பட்டம். அதற்கடுத்த ஏப்ரலில் அயர்லாந்தின் கார்லோ நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்திலோ, அதே அத்வானி கொல்கத்தாவின் சௌரவ் கோத்தாரியிடம் 725-480 என்று தோற்றுப்போனார்.

எங்கள் கூட்டத்தில் இதற்கு இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன. நாற்பது வயதை நெருங்கிவிட்டதால் அவருடைய கை தளரத் தொடங்கிவிட்டது என்பது ஒன்று. எந்தப் பெரிய ஆட்டக்காரருக்கும் ஒரு நாள் சரியாக அமையாமல் போகும், அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை என்பது மற்றொன்று. எனக்கு இரண்டுமே நிறைவு தரவில்லை. ஸ்நூக்கரின் நுணுக்கங்கள் எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் மூன்று பந்துகளை வைத்து ஆடும் பில்லியர்ட்ஸை நான் ஆடியதில்லை. தோஹாவில் 4-2 என்றும் கார்லோவில் 725-480 என்றும் கணக்கே வேறு வேறாக இருப்பதைப் பார்த்தால், இரண்டும் ஒரே ஆட்டம்தானா என்ற ஐயம் எழுகிறது. 245 புள்ளி வித்தியாசம் என்பது படுதோல்வியா, அல்லது நெருங்கிய ஆட்டத்தில் வரக்கூடிய இடைவெளிதானா என்பதும் எனக்குப் புரியவில்லை. அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: நடுத்தெருக்காரன் (கீழக்கரை, தற்போது தோஹா)

அஸ்ஸலாமு அலைக்கும், தம்பி. உங்கள் ஐயம் நியாயமானது. பந்துகளும் மேசையும் ஒன்றுதான். ஆனால் அந்த இரண்டு போட்டிகளும் ஆட்டக்காரரிடம் கேட்டவை வேறு வேறு. நான் தோஹாவில் வேலை பார்ப்பதால், அங்கே நடந்த போட்டிகளில் சிலவற்றை நேரில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. அதை வைத்துச் சொல்கிறேன்.

ஸ்நூக்கர் மட்டும் அறிந்தவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பில்லியர்ட்ஸில் பந்துகள் மூன்று. வெள்ளை ஒருவருக்கு, மஞ்சள் மற்றவருக்கு, சிவப்பு இருவருக்கும் பொது. உங்கள் பந்து மற்ற இரண்டு பந்துகளையும் தொட்டால் அது கேனன். அதற்கு 2 புள்ளி. சிவப்பை மேசையோரக் குழியான பையில் தள்ளினால் 3, எதிராளியின் பந்தைத் தள்ளினால் 2. உங்கள் பந்து இன்னொரு பந்தில் பட்டுவிட்டுத் தானே பையில் விழுந்தால், ஸ்நூக்கரில் அது குற்றம். இங்கே அது இன்-ஆஃப் என்ற பெயரில் புள்ளி தரும். சிவப்பில் பட்டு விழுந்தால் 3, எதிராளியின் பந்தில் பட்டு விழுந்தால் 2. மேசையில் பந்துகள் தீர்ந்துபோவது என்ற பேச்சே கிடையாது. பையில் விழுந்த சிவப்பை எடுத்து மறுபடியும் அதன் இடத்தில் வைத்துவிடுவார்கள். ஆகவே ஒரு பிரேக்குக்கு, அதாவது ஒரே வருகையில் தொடர்ந்து எடுக்கும் புள்ளிகளுக்கு, இயற்கையான முடிவு என்று எதுவும் இல்லை. ஆட்டக்காரர் தவறவிடும்வரை அது நீளும். மும்பையில் 1992-இல் நடந்த தொழில்முறை உலகப் போட்டியில் கீத் சேத்தி 1,276 புள்ளி பிரேக் எடுத்தது இப்படித்தான்.

முடிவில்லாத ஆட்டத்துக்கு யாராவது ஓர் எல்லை வகுத்தாக வேண்டும். அந்த எல்லையை எப்படி வகுக்கிறார்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. தோஹாவில் ஆடப்பட்டது 150 புள்ளி முறை. முதலில் 150-ஐ எட்டுபவருக்கு ஓர் ஆட்டம். ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றவருக்கு இறுதியாட்டம். அதனால்தான் 4-2 என்ற கணக்கு. கார்லோவில் ஆடப்பட்டதோ நேர முறை. கடிகாரம் ஓடும், நேரம் முடியும்போது யாரிடம் அதிகப் புள்ளி இருக்கிறதோ அவருக்கு வெற்றி. அதனால்தான் 725-480.

150 புள்ளி முறையை நேரில் பார்த்தால் அதன் கொடுமை விளங்கும். ஒருவர் நன்றாகத் தொடங்கி ஒரே வருகையில் நூற்றைக் கடந்துவிட்டால், மற்றவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த ஆட்டத்தை இழந்துவிடுவார். ஆனால் அடுத்த ஆட்டம் மறுபடியும் பூச்சியத்தில் தொடங்கும். முந்தைய ஆட்டத்தில் வாங்கிய அடி அங்கே கணக்கில் வராது. இங்கே தேவைப்படுவது, மேசைக்கு வந்த முதல் ஓரிரு வாய்ப்புகளிலேயே பந்துகளைத் தன்வசப்படுத்தும் வேகம். அத்வானியிடம் அது நிறைந்திருக்கிறது. ஸ்நூக்கரிலும் அவர் உலகப் பட்டம் வென்றவர் என்பதால், தொலைவிலுள்ள பந்தைப் பையில் தள்ளும் கை அவருக்கு மற்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களைவிட உறுதியானது என்பது என் எண்ணம். மற்றவர்கள் பாதுகாப்பாக ஆடிவிட்டு ஒதுங்கும் இடத்தில் அவர் துணிந்து சிவப்பை அடிக்கிறார். அடுத்த இரண்டு மூன்று கேனன்களில் பந்துகள், சிவப்பு வைக்கப்படும் புள்ளி இருக்கும் தலைப்பக்கத்தில் ஒன்றுகூடிவிடுகின்றன.

தோஹாவில் அவர் அரையிறுதியில் தோற்கடித்ததும் இதே சௌரவ் கோத்தாரியைத்தான். அங்கேயும் 4-2 என்ற கணக்குத்தான். ஆகவே இந்தப் பருவத்தின் இவ்விரு உலகப் போட்டிகளில் இருவரும் 150 புள்ளி முறையில் ஒருமுறையும் நேர முறையில் ஒருமுறையும் மோதியிருக்கிறார்கள். முதலாவது அத்வானிக்கும் இரண்டாவது சௌரவுக்கும் போயிருக்கிறது. நம் ஊர்க் கடலை வைத்துச் சொன்னால் முதலாவது தூண்டில், இரண்டாவது கரைவலை. ஒன்றில் கை வேகம் மீனைத் தரும், மற்றதில் தளராமல் இழுத்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் மீன்.

இன்னொன்றும் இருக்கிறது, இது கேள்விக்குச் சற்று வெளியேதான். அத்வானி சிறு வயதில் குவைத்தில் வளர்ந்து, பிறகு பெங்களூருவுக்கு வந்தவர். வளைகுடாவில் வளர்ந்த பிள்ளைகள் நம் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் இருப்பதாலோ என்னவோ, கீழக்கரைக்காரர்கள் அவரை நம்மூர்ப் பிள்ளையைப்போலவே பேசுகிறார்கள். எங்கள் ஆள் தோற்றுவிட்டாரே என்ற வருத்தத்தில் சௌரவின் வெற்றியைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களையும் இங்கே பார்க்கிறேன். அது சரியல்ல.

பதில் 2: மண்டபம் ஆசிரியர் (ஓய்வு)

நடுத்தெருக்காரர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் "குறுகிய ஆட்டம் அத்வானிக்கு, நீண்ட ஆட்டம் சௌரவுக்கு" என்று பாகம் பிரித்துவிடுவதற்கு முன்னால், 2023-ஐயும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் அதே தோஹாவில் நீண்ட முறை இறுதியாட்டத்தில் இவர்கள் இருவரும் மோதினார்கள். அத்வானி 1000, சௌரவ் 416. நீண்ட ஆட்டத்தில் அத்வானி தளர்ந்துவிடுவார் என்றால், முந்தைய பருவத்திலேயே அது வெளிப்பட்டிருக்க வேண்டுமல்லவா?

என் பார்வையில், நீளத்தைவிட எல்லை எதுவென்பதே முக்கியம். 2023 இறுதியாட்டத்துக்கு எல்லை 1,000 புள்ளி. கார்லோவில் எல்லை கடிகாரம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. ஆயிரம் புள்ளி வரை ஆடும்போது, எதிராளி மேசையில் எவ்வளவு நேரம் நின்றாலும் அவர் ஆயிரத்தைத் தொடாதவரையில் உங்களுடைய வாய்ப்பு அப்படியே இருக்கிறது. நீங்கள் 400-இல் இருக்கலாம், அவர் 900-இல் இருக்கலாம். அவர் ஒரு பந்தைத் தவறவிட்டால், நீங்கள் 600 புள்ளி பிரேக் எடுத்து வெல்வதைத் தடுப்பதற்கு விதியில் ஒன்றுமில்லை. நேர முறையில் அப்படியில்லை. எதிராளி மேசையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட நிமிடம். அவர் எடுக்கும் ஒவ்வொரு கேனனும் அவருடைய கணக்கில் 2 புள்ளியைக் கூட்டுவதோடு, நீங்கள் திருப்பித் தருவதற்கு இருக்கும் காலத்தையும் குறைக்கிறது. முன்னிலை பெற்றவருக்கு அந்த முன்னிலையே ஆயுதமாகிவிடுகிறது. பின்தங்கியவரோ, வழக்கமாகத் தொடாத பந்துகளையும் தொட வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகிறார்.

இந்த முறைக்கென்று தனிப் பொறுமை வேண்டும். அது சௌரவிடம் இருக்கிறது என்பதற்குக் கார்லோ முதல் சான்றல்ல. 2018-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், சிங்கப்பூருக்காக ஆடும் பீட்டர் கில்கிறிஸ்டை 1134-944 என்று வென்று அவர் வேறோர் அமைப்பின் உலகப் பட்டம் பெற்றதும் கடிகாரத்தோடு ஆடும் ஆட்டத்தில்தான். கில்கிறிஸ்ட் எப்பேர்ப்பட்டவர் என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். நியூசிலாந்தில் 2007-இல் 1,346 புள்ளி பிரேக் எடுத்தவர் அவர். அப்படிப்பட்டவரை நாற்காலியில் உட்கார வைத்து நேரத்தைக் கடத்துவது என்றால், ஒரு புள்ளியும் தவறாமல் மேசையில் நிற்க வேண்டும். சௌரவுக்கு இது வீட்டில் கிடைத்த கல்வி. அவருடைய தந்தை மனோஜ் கோத்தாரி 1990-இல் பெங்களூருவில் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றவர். தந்தையும் மகனும் உலகப் பட்டம் வெல்வது எந்த விளையாட்டிலும் அரிது.

வயதைப் பற்றிய வாதத்தை நான் அறவே ஏற்கவில்லை. முதலாவதாக, சௌரவும் ஏறத்தாழ அத்வானியின் வயதுக்காரர்தான். ஒருவருக்கு மட்டும் எப்படி வயதாகும்? இரண்டாவதாக, பில்லியர்ட்ஸ் கால்களால் ஓடி ஆடும் விளையாட்டு அன்று. 1958-இல் கல்கத்தாவில் உலகப் பட்டம் வென்று, தனிநபர் விளையாட்டில் இந்தியாவின் முதல் உலக வாகையரான வில்சன் ஜோன்ஸ், 1964-இல் நியூசிலாந்தில் இரண்டாவது பட்டத்தை வென்றபோது நாற்பதைக் கடந்திருந்தார். மைக்கேல் ஃபெரேரா 1977-இல் முதல் பட்டத்தை வென்றார். 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் பட்டங்கள் அவருடைய நாற்பது வயதுக்குப் பிறகு வந்தவை. கீத் சேத்தி 2006-இல் தொழில்முறை உலகப் பட்டத்தைத் திரும்பப் பெற்றபோது அவரும் நாற்பதைக் கடந்திருந்தார். மேலும், உங்கள் நண்பர்கள் கை தளர்ந்துவிட்டது என்று சொல்லும் அத்வானி, அதே பருவத்தின் நடுவே, 2025 பிப்ரவரியில், ஆசிய ஸ்நூக்கர் பட்டத்தை வென்றிருக்கிறார். இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்றவர் ஈரானின் அமீர் சர்கோஷ். கை தளர்ந்தவர் ஸ்நூக்கரில் ஆசியப் பட்டம் வெல்வதில்லை.

பதில் 3: பாசிப்பட்டினத்தாள் (தொண்டி அருகே)

ஆசிரியர் ஐயாவுக்கும் கீழக்கரைக் காக்காவுக்கும் (அண்ணனுக்கும்) வணக்கம். 245 புள்ளி பெரிதா சிறிதா என்ற கேள்வியை இருவரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். பள்ளியில் கணக்குச் சொல்லித்தருபவள் என்பதால் எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

ஒரு வெற்றிகரமான அடிக்குக் கிடைப்பது பெரும்பாலும் 2 அல்லது 3 புள்ளி. சராசரியாக இரண்டரை என்று வைத்துக்கொண்டால், 150 புள்ளிக்கு ஏறத்தாழ 60 அடிகள் வேண்டும்; 245 புள்ளிக்கு ஏறத்தாழ 100 அடிகள். ஆகவே கார்லோவில் சௌரவ் பெற்ற முன்னிலை, 150 புள்ளி முறையில் ஒன்றரை ஆட்டத்துக்கும் சற்று மேலானது. இப்படிச் சொன்னால் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஐயா சொன்னதைப்போல அந்த 100 அடிகளுக்குரிய நேரத்தையும் கூடவே எண்ண வேண்டும்.

வெவ்வேறு முறைகளில் ஆடிய ஆட்டங்களை ஒப்பிடுவதற்கு வித்தியாசத்தைவிடப் பங்கு நல்ல அளவுகோல். கார்லோவில் இருவரும் சேர்ந்து எடுத்தவை 1,205 புள்ளிகள். அதில் சௌரவின் பங்கு நூற்றுக்கு 60. 2023 தோஹா இறுதியாட்டத்தில் இருவரும் சேர்ந்து எடுத்தவை 1,416. அதில் அத்வானியின் பங்கு நூற்றுக்கு 70-க்கும் மேல். 2018 லீட்ஸில் சௌரவும் கில்கிறிஸ்டும் சேர்ந்து எடுத்தவை 2,078. அதில் சௌரவின் பங்கு நூற்றுக்கு 55-க்குச் சற்றுக் குறைவு. ஆகவே கார்லோ ஆட்டம் லீட்ஸைவிடத் தெளிவான வெற்றி, 2023 தோஹாவைவிட நெருக்கமான ஆட்டம். படுதோல்வி என்று சொல்வதற்குக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. தற்செயல் என்று ஒதுக்குவதற்கும் இடம் கொடுக்கவில்லை. ஏனென்றால் நேர முறையின் நீண்ட இறுதியாட்டத்தில் இருவருக்கும் மேசைக்கு வரும் வாய்ப்புகள் பல, தற்செயலாக ஒரு பந்து நழுவினாலும் அதைச் சரிக்கட்ட நேரமுண்டு. ஒரு நாள் அமையாமல் போவது என்ற விளக்கம் 150 புள்ளி முறைக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும்.

அந்த வகையில் பார்த்தால், 150 புள்ளி முறையின் நிச்சயமின்மைக்கு நடுவிலும் அத்வானி 2016 முதல் 2024 வரை, போட்டி நடந்த ஏழு ஆண்டுகளிலும் தொடர்ந்து உலக பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றிருப்பதுதான் எனக்கு இந்தப் பருவத்தின் பெரிய வியப்பு. தொற்றுக்காலமான 2020, 2021 ஆண்டுகளில் போட்டி நடக்கவில்லை. பகடையில் ஆறு விழுவதைப்போல ஏழு முறை விழுந்தது என்று சொல்லிவிட முடியாது. கார்லோவைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், தோஹாவை ஏற்கெனவே அறிந்த செய்தி என்று கடந்துவிடுகிறோம்.

பதில் 4: கச்சான் (பாம்பன்)

பெரியவர்கள் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசிவிட்டார்கள். மேசையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். தோஹாவின் குளிரூட்டப்பட்ட அரங்குக்கும் அயர்லாந்தின் ஈரக் குளிருக்கும் உள்ள வேறுபாடுதான் அத்வானியைக் கவிழ்த்தது என்று வேறோர் இடத்தில் ஒருவர் எழுதியிருந்தார். மேசைகளைத் துணி மாற்றிப் பராமரிக்கும் வேலையைச் செய்பவன் என்ற முறையில், அதை நான் நம்பவில்லை.

நம் கடற்கரையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களிலும் சரி, ஐப்பசி கார்த்திகை மழையிலும் சரி, மேசையின் கம்பளித் துணி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கனத்துவிடும். பந்தின் ஓட்டம் குறையும். மேசையின் ஓரத்துக் குஷனிலிருந்து திரும்பும் பந்து சோர்ந்து வரும். காலையில் துணியைத் தூரிகையால், ஆட்டம் தொடங்கும் முனையில் மேசையின் குறுக்கே வரைந்திருக்கும் பாக் கோட்டுப் பக்கத்திலிருந்து தலைப்பக்கம் நோக்கி, இழைபோகும் திசையிலேயே தேய்த்து, பிறகு அதற்கென உள்ள இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால்தான் மாலைவரை தாங்கும். ஸ்நூக்கர் ஆடுகிறவர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்கள். பில்லியர்ட்ஸில் அது பெரிய இடர். ஏனென்றால் அங்கே ஒவ்வொரு அடியிலும் இரண்டு பந்துகளின் ஓட்டத்தையும் அளந்து, அவை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கவைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் உலகப் போட்டிகளில் மேசையின் கற்பலகைக்கு அடியில் மின்சாரச் சூடேற்றி இருக்கும். துணியும் பலகையும் உலர்ந்தே இருப்பதால், வெளியே மழை பெய்தாலும் பந்தின் வேகம் மாறாது. மேலும் இறுதியாட்டத்தில் இருவரும் ஒரே மேசையில்தான் ஆடினார்கள். ஈரம் இருந்திருந்தால் இருவருக்கும் இருந்திருக்கும். ஆகவே மேசையின் தலையில் பழியைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பழியை நாங்கள் தினமும் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

கேட்டவரின் குறிப்பு: சேதுக்கரையான்

அனைவருக்கும் மிக்க நன்றி. பாசிப்பட்டினத்து அக்கா போட்டுக் காட்டிய பங்குக் கணக்கை நேற்றே எங்கள் கூட்டத்தில் படித்துக்காட்டினேன். வயதைப் பற்றிப் பேசியவர்கள் அமைதியாகிவிட்டார்கள், தற்செயல் கட்சிக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

ஐயாவிடமும் காக்காவிடமும் இன்னொன்று கேட்க வேண்டும். முன்னிலையே ஆயுதமாகிவிடும் என்றீர்கள். முன்னிலையில் இருப்பவர் பந்துகளை எதிராளிக்குக் கிட்டாத நிலையில் விட்டுவிட்டு நேரத்தைக் கடத்துவது என்றால், ஸ்நூக்கரில் மறைத்துவைப்பதைப்போல அங்கேயும் ஒரு வழி உண்டா? அடுத்தது, எங்கள் ஸ்நூக்கர் மேசையிலேயே இரண்டு முறைகளையும் ஆடிப் பார்க்க முடியுமா?

பதில் 5: மண்டபம் ஆசிரியர்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். உண்டு. நீங்கள் எதிராளியின் பந்தைப் பையில் தள்ளியிருந்தால், அவருடைய முறை வரும்வரை அது மேசைக்குத் திரும்பாது. முறை வந்ததும் அவர் பாக் கோட்டை ஒட்டி வரைந்துள்ள அரைவட்டத்துக்குள் தன் பந்தை வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். அப்படிக் கையில் எடுத்த பந்தை வைத்து ஆடும்போது, பாக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பந்தை நேரடியாக அடிக்க விதி இடம் தராது. முதலில் கோட்டைத் தாண்டிப்போய்க் குஷனில் பட்டுத் திரும்பித்தான் தொட வேண்டும். ஆகவே அனுபவமுள்ளவர் தன் ஆட்டம் முடியப்போகிறது என்று உணர்ந்தால், தன்னுடைய பந்தையும் சிவப்பையும் கோட்டுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். எதிராளிக்கு நேராக அடிக்க மேசையில் ஒரு பந்தும் இருக்காது. பின்தங்கி நிற்பவருக்கு, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த நிலை வந்தால் எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். 150 புள்ளி முறையிலும் இதைச் செய்யலாம். ஆனால் அங்கே அது எதிராளியின் ஒரு வாய்ப்பைக் கெடுக்கும், அவ்வளவுதான். நேர முறையில் அது நிமிடங்களையும் சேர்த்துத் தின்னும்.

பதில் 6: நடுத்தெருக்காரன்

இரண்டாவது கேள்விக்கு என் விடை: தாராளமாக முடியும், தம்பி. பில்லியர்ட்ஸும் ஸ்நூக்கரும் ஒரே அளவுள்ள பன்னிரண்டடி மேசையில், ஒரே அளவுள்ள பந்துகளால் ஆடப்படுபவை. உங்கள் ஸ்நூக்கர் பெட்டியிலிருந்து வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று எடுத்துக்கொண்டால் போதும். சிவப்பை, ஸ்நூக்கரில் கறுப்புப் பந்து வைக்கும் புள்ளியில் வையுங்கள். முதலில் ஆடுகிறவர் அரைவட்டத்திலிருந்து தொடங்கட்டும். மற்றவரின் பந்து அவருடைய முறை வரும்வரை வெளியிலேயே இருக்கட்டும். பையில் விழாத பந்துகளை நின்ற இடத்திலேயே விட்டுவிட வேண்டும். தொடர்ந்து கேனன் மட்டும் அடிப்பதற்கு 75 என்றும், பைக்குள் அனுப்பும் அடிகளை மட்டும் தொடர்வதற்கு 15 என்றும் வரம்புகள் உண்டு. உங்களுக்கு அவற்றின் தேவை வர நாளாகும், அதனால் கவலை வேண்டாம்.

தொடக்கத்தில் 150 உங்களுக்கு எட்டாது. 50 புள்ளி வரை ஏழு ஆட்டங்கள் ஒரு மாலையில் ஆடுங்கள். மறு மாலையில் அதே இரண்டு பேர் ஒரு மணி நேரத்தைக் கைப்பேசியில் வைத்து ஆடுங்கள். நேர ஆட்டத்தில் கடைசிக் கால் மணி நேரத்தில் பின்தங்கியவர் எந்தெந்தப் பந்துகளைத் துணிந்து அடிக்கிறார் என்பதை மூன்றாவது ஆள் ஒருவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வரட்டும். பாம்பன் தம்பி சொன்னதைக் கேட்டு, ஆடுவதற்கு முன் துணியை ஒருமுறை தூரிகையால் தேய்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் இன்-ஆஃப்கள் பாதி பையின் வாய்வரை வந்து நின்றுவிடும். தாளில் எழுதியதை இங்கே பதிந்தால், பாசிப்பட்டினத்துத் தங்கை அதையும் பங்கு போட்டுக் காட்டுவார்.